செவிடன் காதில் சங்கு வேண்டாம், கையில் பறையைக் கொடுங்கள்

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. பத்து முறை மனு கொடுத்தும் வட்டாட்சியர் அசையவில்லையென்றால் இதைச் சொல்கிறோம். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டால் இதைச் சொல்கிறோம். நம் துண்டறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இது தாராளமாகப் புழங்குகிறது. சொல்லும்போது யாரையும் புண்படுத்தும் எண்ணம் நமக்கு இருப்பதில்லை. ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. காது கேளாதவருக்கு இசை வீண் என்பதே அந்தத் தீர்ப்பு. காதில் ஏன் ஊதினாய், கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னாயா என்று சங்கு ஊதியவரை யாரும் கேட்பதில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பழமொழி ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’. முதலாவது உடலைப் பார்த்துச் சொன்னது. இரண்டாவது பெரும்பாலும் பிறப்பைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. கலை சிலருக்குத்தான் வரும், மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும் என்பதுதான் இரண்டின் சாரமும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு இசை கற்பிப்பதைப் பற்றிப் பேசப் புறப்பட்டால், இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

வடமாவட்டம் ஒன்றில் ஏழு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் இந்தக் குழந்தைகளுக்குப் பறை சொல்லிக்கொடுத்து வருகிறேன். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், மூளை முடக்குவாதத்தால் கை கால் இறுகிப்போனவர்கள், காது கேளாதவர்கள் என்று ஆண்டுக்கு இருபது பேர்வரை வருகிறார்கள். நான் மருத்துவனும் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை. பறையடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நின்று சொல்கிறேன்: இந்தக் குழந்தைகளிடமிருந்து இசையைப் பறித்த கையும், பறையை ‘இசையே இல்லை’ என்று ஊருக்கு வெளியே தள்ளிய கையும் ஒன்றுதான். ஆகவே, இது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் வேலை என்று சாதி ஒழிப்பு பேசும் நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இதை ஓர் உவமையாகச் சொல்லவில்லை. சேரியில் பிறந்தது முற்பிறவிப் பாவம் என்று சொன்ன அதே கர்மவினைக் கோட்பாடுதான், ஒரு குழந்தை கண் தெரியாமல் பிறப்பதற்கும் முற்பிறவிப் பாவமே காரணம் என்றது. பிறவியிலேயே கண் தெரியாதவர், காது கேளாதவர், வாய் பேச இயலாதவர், மனநலம் பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்குச் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்று விதிக்கிறது மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம். எந்தப் பாவத்துக்கு எந்தக் குறைபாடு என்று பதினோராம் அத்தியாயம் பட்டியலே போடுகிறது. கௌதம தர்ம சூத்திரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. வேதம் ஓதுவதைக் காது கொடுத்துக் கேட்ட சூத்திரனின் காதில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது. கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஓர் ஓசையைக் கேட்டதற்கான தண்டனை, கேட்கும் திறனையே அழிப்பது. குறைபாட்டைப் பாவத்தின் கூலி என்று சொன்னவர்களே, சாதியைக் காப்பாற்றுவதற்காகக் குறைபாட்டை உண்டாக்கவும் விதி எழுதி வைத்தார்கள்.

அதெல்லாம் பழங்கதை என்று சொல்கிறவர்களுக்காக ஒரு புதிய கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். மொத்த மக்களில் அவர்கள் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரை மட்டும் தனியே எடுத்தால் 2.45 விழுக்காடு. இந்த வித்தியாசத்துக்கு முற்பிறவி தேவையில்லை. கர்ப்பிணியின் தட்டில் என்ன இருந்தது, பிரசவ வலி வந்தபோது ஆஸ்பத்திரி எத்தனை மைலில் இருந்தது, குழந்தைக்கு வந்த காய்ச்சல் எத்தனை நாள் வைத்தியம் இல்லாமல் கிடந்தது என்று இந்தப் பிறவியில் விசாரித்தாலே போதும். இந்தக் குழந்தைகளில் பலர் இரண்டு முறை ஒதுக்கப்படுகிறார்கள். ஊர் ஒருமுறை ஒதுக்குகிறது, உடலைக் காரணம் காட்டி இன்னொரு முறை ஒதுக்குகிறது.

இப்போது இசை வகுப்புக்கு வருவோம். சிறப்புப் பள்ளிகளில் இசையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது. காலையில் ஒரு இறைவணக்கப் பாட்டு. டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று மேடையில் ஒரு பாட்டு. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கொஞ்சம் வசதியான பள்ளியென்றால் ‘இசை சிகிச்சை’ என்ற பெயரில் ஒலிபெருக்கியில் வீணையோ புல்லாங்குழலோ மெல்லிதாக ஒலிக்கும். பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். அமைதியாக இருப்பதுதான் அங்கே வெற்றிக்கு அடையாளம்.

சிகிச்சைக்கு நான் எதிரியில்லை. இசை பதற்றத்தைத் தணிக்கும், பேச்சுப் பயிற்சிக்கு உதவும் என்றால் நல்லதுதான். ஆனால் தி.நகரில் ஒரு குழந்தை வயலின் வகுப்புக்குப் போனால் அதைக் கலை என்கிறோம். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை தாளம் தட்டினால் அதைச் சிகிச்சை என்கிறோம். ஏன்? முதல் குழந்தையை நாளைய கலைஞராகப் பார்க்கிறோம். இரண்டாவது குழந்தையை என்றைக்கும் நோயாளியாகவே பார்க்கிறோம். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. அதன் 30ஆம் பிரிவு கலைத்திறனை வளர்த்துக்கொள்வதை மாற்றுத்திறனாளிகளின் உரிமையாகவே வைக்கிறது. அது அவர்களுக்கு நல்லது என்பதோடு நிறுத்தாமல், சமூகத்தின் செழுமைக்கும் அது வேண்டும் என்று சொல்கிறது. நம்மூர் 2016 சட்டத்தின் 29ஆம் பிரிவிலும் பண்பாட்டு உரிமை இருக்கிறது. அதாவது, அந்தக் குழந்தையின் இசை நமக்குத் தேவை என்பது சட்டத்தின் பார்வை. இரக்கப்பட்டுக் கைதட்டும் நம் பார்வை சட்டத்துக்குப் பின்னால் வெகுதூரத்தில் நிற்கிறது.

அடுத்த கேள்வி, எந்த இசை என்பது. இசை கற்பது என்றாலே நம் நடுத்தர வர்க்க மூளையில் ஓடும் படம் ஒன்றுதான்: சுருதிப்பெட்டி, சரளிவரிசை, சம்மணமிட்ட வரிசை. முதல் தேர்வே சுருதியில்தான். சேர்ந்தால் ‘ஞானம்’ இருக்கிறது, சேராவிட்டால் ‘ஞானசூனியம்’. இந்த வாசலில் நின்று திரும்பிய குழந்தைகள் எத்தனை பேர்! முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். மிக நல்ல திட்டம். ஆனால் அந்தக் கருவி பேச்சைக் கேட்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதை அணிந்தவர்களால் தாளத்தை ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே பிடிக்க முடியும். சுர வேறுபாட்டைப் பிரித்தறிவதுதான் கடினம். உலகெங்கும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு இது. அந்தக் குழந்தையைச் சுருதியில் தேர்வு வைத்தால் முதல் நாளே தோற்கும். தாளத்தில் தொடங்கினால் முதல் நாளே உள்ளே வந்துவிடும். தோல்வி எங்கே இருந்தது? குழந்தையிடமா, வாசலிடமா?

தாளம் என்று வந்துவிட்டால் நம் மண்ணில் ஒரு கருவி தயாராக இருக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை வைத்திருக்கிறது தொல்காப்பியம். மரக்கட்டை வளையத்தில் புளியங்கொட்டைப் பசையால் மாட்டுத்தோலை ஒட்டிய எளிய கருவி. தோளில் மாட்டி, இடக்கையால் அணைத்து, உடலோடு ஒட்டி வைத்து அடிப்பது. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீளமான சிம்புக்குச்சி. அடி விழுந்தால் ஓசை காதுக்குப் போகும் அதே நேரத்தில் அதிர்வு கையில் ஏறி நெஞ்சுக்குப் போகிறது. பின்பக்கம் திறந்திருப்பதால் உள்ளங்கையை உட்புறத் தோலில் வைத்துப் பார்க்கலாம். காது கேளாத பிள்ளைகளுக்கு நான் முதல் இரண்டு வாரம் குச்சியே கொடுப்பதில்லை. இரண்டிரண்டு பேராக நிற்பார்கள். ஒருவர் கையால் தட்டுவார், மற்றவர் உள்ளே கை வைத்து எண்ணிக்கையை விரலால் காட்டுவார். ஒன்று, இரண்டு, இடைவெளி. ஒன்று, இரண்டு, இடைவெளி. இடைவெளியையும் கையால் அறிந்துகொண்ட பிறகுதான் ஒத்தையடி.

பறையை நின்றுகொண்டு, வட்டமாக, காலடி வைத்து ஆடிக்கொண்டே கற்கிறோம். தாளில் எழுதிய குறிப்பு எதுவும் தேவையில்லை. கண் தெரியாத பிள்ளைக்கு அடியைச் சொல்லாகச் சொல்லி, கையைப் பிடித்துக் காட்டலாம். காது கேளாத பிள்ளை முன்னால் நிற்பவரின் குச்சியையும் காலையும் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். படிக்க வராத பிள்ளை திரும்பத் திரும்பச் செய்து பழகும். இந்த மூன்று வழியும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை; பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாத ஒரு சமூகம், தன் பிள்ளைகளுக்குக் கலையைக் கொடுக்கத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிய கற்பிக்கும் முறை. பலவகைப் புலன்களின் வழியே கற்பித்தல் என்று ஆசிரியர் பயிற்சி நூல்களில் இன்று வருவதைச் சேரியின் ஆசான்கள் பெயர் வைக்காமலே செய்துவந்திருக்கிறார்கள்.

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. கூட்டமாக அடிக்கும்போது வேகம் தன்னையறியாமல் ஏறிக்கொண்டே போகும். எல்லாக் குழுவுக்கும் உள்ள வியாதி இது. காது கேட்கிறவர்கள் சத்தத்தில் மயங்கி வேகம் ஏறியதைக் கவனிக்கமாட்டார்கள். எங்கள் வட்டத்தில் அதை முதலில் பிடிப்பது பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. பிறந்ததிலிருந்து கேட்காது. அவள் கண் முன்னடிப்பவரின் குச்சியை விட்டு அகலாது. வேகம் மாறினால் உடனே கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிடுவாள். இன்று எங்கள் குழுவின் காலக்கணக்கு அவள் கையில்தான் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள இன்னொரு பையன் சுற்றுக்கு ஒரே ஓர் அடிதான் அடிப்பான். அவன் குச்சியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிப்பாக்கினோம், பறையை ஸ்டாண்டில் மாட்டினோம். அவன் கை மேலே போய்க் கீழே வந்து சேர நேரம் பிடிக்கும். அதற்கேற்றபடி சுற்றை நீட்டிக்கொண்டோம். இருபது பேரும் அவன் அடிக்காகக் காத்திருந்து, அது விழுந்ததும் சேர்ந்து எழுவார்கள். கேட்கிறவர்களுக்கு அந்த இடம்தான் பிடித்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் எவலின் க்ளெனி பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். உலகின் முன்னணித் தாளக் கலைஞர்களில் ஒருவர். அதிர்வைத் தரை வழியே உணர்வதற்காக வெறுங்காலோடு மேடையேறுகிறவர். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் பேர் முரசடித்தபோது முன்னணியில் நின்றவர் அவர். லூயி பிரெயில் 1829இல் தன் புள்ளி எழுத்து முறையை முதன்முதலாக நூலாக்கியபோது, அதன் தலைப்பிலேயே சொற்களோடு இசையையும் சேர்த்தார். அவரே ஆர்கன் இசைக்கலைஞர். கண் தெரியாதவர்களுக்கு எழுத்தைக் கொண்டுவந்தவர் இசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கவில்லை. இவர்களைச் ‘சாதனையாளர்’ என்று போஸ்டர் ஒட்டுவதற்காகச் சொல்லவில்லை. கருவியும் முறையும் கைக்கு எட்டும்படி அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். நம்மிடம் கருவியும் இருக்கிறது, முறையும் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் கைக்கு அது எட்டவில்லை. இடையில் நிற்பது சாதி.

ஒரு சிறப்புப் பள்ளியின் தாளாளரிடம் பறை வகுப்புக்கு அனுமதி கேட்டுப் போனேன். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். “மிருதங்கமோ தபேலாவோன்னா இன்னிக்கே தொடங்கிடலாம் தம்பி. இது சாவுக்கு அடிக்கிறதாச்சே, பெற்றோர் என்ன நினைப்பாங்க?” என்றார். மிருதங்கத்தின் தோலும் மாட்டிலிருந்துதான் வருகிறது. அதைப் பதப்படுத்திக் கருவியாக்கும் கைகள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்களுடையவை. டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 2020இல் அந்நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றதும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதே மாட்டுத்தோல், சபாவில் ஏறினால் தெய்வீகம், சேரியில் ஒலித்தால் தீட்டு. செத்தவர் வீட்டில் பறையடிக்கச் சொன்னது யார்? ஊர். அடித்துவிட்டு வந்தவரைச் சாவுக்கு அடிக்கிறவன் என்று ஒதுக்கியது யார்? அதே ஊர்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்த எதிர்ப்பு தாளாளரிடமிருந்து வந்ததில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையனின் அம்மா, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், கட்டட வேலைக்குப் போகிறவர், முதல் வாரமே வந்து நின்றார். “எதை விடணும்னு எங்க மாமனாரு ஊரோட சண்டை போட்டாரோ, அதையே எம்புள்ள கையில குடுக்குறீங்களே சார்” என்றார். அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இனி சாவுக்குப் பறையடிக்கமாட்டோம் என்று குச்சியை உடைத்துப் போட்ட போராட்டங்கள் நம் வரலாற்றில் உண்டு. அதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. பிற்பாடு அதே பறையை விடுதலையின் கருவியாக ஏந்தி மேடையேறியவர்களும் உண்டு. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை ஏந்தி ஆடியபோது சாதியோடு ஆண் என்ற அதிகாரமும் சேர்ந்து ஆட்டம் கண்டது. விட்டதும் போராட்டம்தான், எடுத்ததும் போராட்டம்தான். எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை அந்தந்தக் குடும்பத்துக்கு உண்டு; பறை எடுத்துக்கொண்டு வரும் என் போன்றவர்களுக்கு இல்லை.

அந்த அம்மாவிடம் நான் வாதாடவில்லை. மூன்று வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். வட்டத்தில் எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்தார் என்று நினைக்கிறேன். நான்காம் வாரம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “எல்லாப் புள்ளைங்களும் அடிச்சா எம்புள்ளையும் அடிக்கட்டும். எங்க புள்ளைங்கள மட்டும் வச்சு அடிக்க வச்சீங்கன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்.” சாதி ஒழிப்பைப் பற்றியும் உள்ளடக்கிய கல்வியைப் பற்றியும் நான் படித்த பல பக்கங்களின் சுருக்கம் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது. தொழிலைப் பிறப்போடு கட்டுவதுதான் சாதி. அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டுமென்றால் முதலியார் வீட்டுப் பிள்ளையும் வன்னியர் வீட்டுப் பிள்ளையும் அந்த வட்டத்தில் பறை ஏந்த வேண்டும். அதுபோலவே, குறைபாடில்லாத பிள்ளைகளும் அதே வட்டத்தில் நிற்க வேண்டும். ‘சிறப்பு’ என்று தனியறையில் பூட்டினால் அது இன்னொரு சேரி. இப்போது எங்கள் வகுப்பில் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

பறை சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் வலியாகவே இறங்கும். அவர்களை வட்டத்துக்குள் இழுத்து நிறுத்துவது வன்முறை. தோலின் மேல் துணி போர்த்தி அடிப்பது, திறந்த வெளியில் நடத்துவது, தூரத்தில் நிற்க விடுவது, காதடைப்பான் கொடுப்பது, தொடங்கும் முன் கை தூக்கி அறிவிப்பது, வேண்டாமென்றால் வேறு கருவிக்கு மாறுவது என்று வழிகள் உண்டு. தீயில் காய்ச்ச வேண்டிய தோல் பறைக்குப் பதில் வகுப்பறையில் ஃபைபர் பறை பாதுகாப்பானது. ஒரு பிள்ளைக்கு வீணைதான் பிடிக்கிறது, கீபோர்டுதான் பிடிக்கிறது என்றால் அதுதான் அந்தப் பிள்ளையின் இசை. கர்நாடக சங்கீதம் பிடித்தால் அதையும் தாராளமாகக் கற்கட்டும். நான் எதிர்ப்பது ஓர் இசையை மட்டும் ‘குணப்படுத்துவது’ என்றும் இன்னொன்றை ‘கெடுப்பது’ என்றும் பிரித்து வைக்கும் தரவரிசையை. அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். இசைக்கும் அப்படியொரு படிக்கட்டு இருக்கிறது. நம் பிள்ளைகள் பலரின் சக்கர நாற்காலி அதன் முதல் படியிலேயே நிற்கிறது.

இனி அரசின் பக்கம். நம் அரசுப் பள்ளி நிர்வாகத்தில் ‘சிறப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இசை, ஓவியம், தையல், உடற்கல்வி கற்பிப்பவர் சிறப்பாசிரியர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் சிறப்புப் பயிற்றுநர். பெயரில் ‘சிறப்பு’ இருக்கிறது, வாழ்க்கையில் இல்லை. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரை நாள் வேலைக்கு எடுத்தார்கள். இசை ஆசிரியர்களும் அதில் அடக்கம். பன்னிரண்டு ஆண்டு போராடி அது 12,500 ஆனது. சிறப்புப் பயிற்றுநர்களின் கதையும் தொகுப்பூதியக் கதைதான். தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பிள்ளைக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் திட்டங்களுக்கெல்லாம் உயிர்நாடியான சமக்ர சிக்ஷா நிதியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை 2024-25இல் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததற்குத் தண்டனை. இந்திக்கும் தேசியக் கல்விக் கொள்கைக்கும் எதிரான சண்டை என்று நாம் பேசிய அந்த நிதியில்தான் இந்தப் பிள்ளைகளின் ஆசிரியர் சம்பளமும் இருந்தது. அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

மாநில அரசின் மாவட்ட இசைப்பள்ளிகள் பதினேழு இருக்கின்றன. குரலிசை, வயலின், மிருதங்கம், தேவாரம், பரதம், நாதசுரம், தவில் என ஏழு பாடங்கள் அவற்றின் அடிப்படை. பறை அந்த ஏழில் இல்லை. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாமெல்லாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஓர் ஆசானுக்கு விருது கொடுப்பது எளிது. நூறு ஆசான்களுக்கு வேலை கொடுப்பதுதான் சமூகநீதி. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள ஆசான் ஒருவர் அரசுப் பள்ளியில் கற்பிக்க விரும்பினால், சான்றிதழ் எங்கே என்று கேட்கிறோம். சான்றிதழ் கொடுக்கும் பள்ளியில் அவருடைய கலையைப் பாடமாக வைக்காதவர்களும் நாம்தான்.

ஆகவே என் கோரிக்கைகள் சிக்கலானவை இல்லை. அனுபவத்தைத் தகுதியாகக் கொண்டு பறை, தப்பு, உறுமி, நையாண்டி மேள ஆசான்களை இசை ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். சிறப்புக் கல்வியில் அவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும், சிறப்புப் பயிற்றுநர்களுக்கு அவர்களிடம் தாளப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். மாவட்ட இசைப்பள்ளிகளில் பறையை முழுப் பாடமாக்கி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். இரண்டு வகைச் ‘சிறப்பு’ ஆசிரியர்களையும் பணி நிரந்தரம் செய்ய வேண்டும். வீட்டிலேயே முடங்கிய பிள்ளைகளைத் தேடிப்போகும் பயிற்றுநர்களின் பையில் ஒரு சின்னக் கருவியாவது இருக்க வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம்மையும் கேட்டுக்கொள்வோம். அண்ணல் 1920இல் தொடங்கிய முதல் இதழின் பெயர் ‘மூக்நாயக்’, குரலற்றோரின் தலைவன். ஊமையாக்கப்பட்டவர்களின் பக்கம் நின்ற பெயர் அது. அந்தப் பெயரின் வாரிசுகளான நம் கலை இரவுகளில் எத்தனை மேடைக்குச் சாய்தளம் இருக்கிறது? எத்தனை கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார்? எதிரியைத் திட்ட வேண்டுமென்றால் ‘குருட்டுத்தனம்’, ‘நொண்டிச் சாக்கு’, ‘செவிட்டு அரசு’ என்றுதான் நம் நாக்கு போகிறது. ஒரு சாதிப்பெயர் வசையாவதன் வலி நமக்குத் தெரியும். இந்தச் சொற்களின் வலியும் அதே இடத்தில்தான் விழுகிறது.

கடந்த இருபது ஆண்டுகளில் நம் இயக்கங்கள் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குப் பறை கற்றுக்கொடுத்திருக்கின்றன. கல்லூரிகளில், போராட்டக் களங்களில், சுயமரியாதைத் திருமணங்களில் அது ஒலிக்கிறது. இதை வாசிக்கும் உங்களில் பலர் வீட்டு ஆணியில் ஒரு பறை தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒவ்வோர் ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் பயிற்சிக்காக அங்கே வருகிறார்கள், அவர்களின் அம்மாக்கள் வராந்தாவில் காத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அந்தப் பறையை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் அந்தப் பயிற்றுநரிடம் பேசுங்கள், பிறகு அம்மாக்களிடம் பேசுங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் அடித்துக் காட்டாதீர்கள். குச்சியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு உங்கள் உள்ளங்கையைத் தோலின் உட்புறம் வைத்துக்கொண்டு காத்திருங்கள். முதல் அடி அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும்.